அப்ப எதுக்குண்ணே அவ்வளவு பெரிய எழுத்து?

"அப்ப இது என் பையனுக்கு இல்லையாண்ணே?" என்று அந்த அம்மா கேட்டார். "இல்லம்மா" என்றேன். அவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டுமா என்பது இன்னும் உறுத்துகிறது.

2024 அக்டோபர் 17-இல் மலேசிய மக்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா நிறைவேறியது. அப்போதைய சட்டப்படி வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசிய அப்பா வழியாகத்தான் தானாகக் குடியுரிமை. மலேசிய அம்மா என்றால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதை மாற்றத்தான் இந்த மசோதா. அரசியலமைப்பையே திருத்துவதால் 222 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்காக 148 பேராவது ஆதரிக்க வேண்டும். 200-க்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள். ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒரே பக்கம் நிற்பது அந்த அவையில் அடிக்கடி நடக்கிற காரியமா என்ன? எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டோம். போடாமல் விட்டிருந்தால்தான் தப்பு.

மறுநாள் அந்த அம்மாவின் அழைப்பு. பையன் சென்னையில் பிறந்தவன், வயது 17. "பேப்பரைப் பார்த்துட்டு அழுதுட்டேண்ணே" என்றார்.

நான் சுற்றி வளைத்தேன். இன்னும் மேலவை இருக்கிறது, மாநில சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர்கள் மாநாட்டின் இசைவு வேண்டும், பிறகு மாமன்னர் ஒப்புதல், அரசிதழ், அமலாகும் தேதி. மாமன்னர் 30 நாளில் ஒப்புதல் தராவிட்டாலும் மசோதா சட்டமாகிவிடும் என்றுகூடச் சொன்னேன். அந்த நேரத்தில் அது யாருக்கு வேண்டும்! பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான், இது தன் பையனுக்கு இல்லையா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இது அமலுக்கு வந்த பிறகு பிறக்கிற பிள்ளைகளுக்குத்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே மசோதா, பிள்ளைக்காக விண்ணப்பிக்கும் உச்ச வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கிறது. பையனுக்கு 17. அதையும் சொன்னேன், அமலாவதற்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள் என்றேன்.

"அப்ப எதுக்குண்ணே அவ்வளவு பெரிய எழுத்து?"

பதில் இல்லை என்னிடம். இப்போதும் முழுசாக இல்லை. வயது வரம்பு எங்கள் செய்தியிலும் இருந்தது, கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியில். மறைக்கவில்லை. ஆனால் சந்தோஷத்தில் இருக்கிறவர் அதுவரை படிப்பாரா?

"சட்டம் சொல்றது குடியுரிமை விண்ணப்பத்தை வாங்குற பதிவிலாகா வேலை, நீ ஏன் வக்கீல் ஆகுற?" என்றார் பக்கத்து மேசை நண்பர். சரிதான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் நல்ல சேதியை நம்பிக் காத்திருந்தே பையனுக்கு 18 தாண்டியிருக்கும். இப்படி யோசிக்கும்போது நான் செய்தது நியாயம்தான். அடுத்த நாளே, ஒரு நாள் சந்தோஷத்தையாவது விட்டு வைத்திருக்கலாமே என்று தோன்றும்.

மசோதா மேலவைக்குப் போனபோது வயது வரம்பை முதல் பத்தியிலேயே வைத்து எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் கீழே தள்ளினார். "நல்ல சேதிய நல்ல சேதியாவே போடுப்பா" என்றார். கோபம் வந்தது. ஆனால் பக்கம் வடிவமைக்கிற பெண்ணின் அக்கா கல்யாணமாகி லண்டனில் இருக்கிறார், இன்னும் குழந்தை இல்லை. அவர்கள் வீட்டில் அந்த முதல் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறார்களாம். அவர்களுக்கு எழுத்து இன்னும் பெரிதாகவே இருந்திருக்கலாம்.