நின்றே பார்த்த உத்தியோகம்

மொரீஷியஸில் போலீஸ் வேலைக்குச் சேரும்போது ஆளை ஓடவிட்டுப் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், கண்ணைச் சோதிப்பார்கள். பயிற்சி முடிந்து நிலையத்துக்குப் போனபின் என் உடம்பை அளந்தது இடுப்பு வார் ஒன்றுதான். எங்கள் கார்ப்பரல் அண்ணன் வாரில் வரிசையாகக் கூடுதல் ஓட்டைகள் இருக்கும். ஆணியைச் சூடுகாட்டி அவரே போட்டுக்கொள்வார். கடைசி ஓட்டையில் தோல் பிய்ந்து தொங்கும்.

போலீஸ்காரன் தொப்பையைப் பார்த்தால் ஊருக்குச் சிரிப்பு. உட்கார்ந்து தின்கிறான் என்று நினைப்பு. நான் திருடனைத் துரத்தி ஓடியது சொற்பம், நின்றதற்குத்தான் கணக்கில்லை. தலைநகர் போர்ட் லூயிஸின் ஷாம் தெ மார்ஸ் மைதானத்தில் 1812-லிருந்து குதிரைப் பந்தயம் நடக்கிறது. குதிரைக்கு ஒன்றிரண்டு நிமிட வேலை, கம்பி ஓரம் நிற்கிற எங்களுக்கு முழுப் பகல். மார்ச் 12 குடியரசு தினம் என்றால் ஒத்திகையும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது மகா சிவராத்திரி. தீவு முழுக்கக் காவடி தூக்கிக்கொண்டு கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கு நடக்கிறது. மேட்டுப் பகுதியில் தூறலும் பனியுமாக, சாலைச் சந்திப்பில் விடிய விடிய நிற்க வேண்டும். யாத்திரிகர் காலில் கொப்புளம் வந்தால் தைலம் தேய்க்க நாலு பேர் ஓடி வருவார்கள். எங்கள் கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு புடைத்த நரம்பு பூட்ஸுக்குள்ளேயே கிடக்கும். நடந்தால் கெண்டைச் சதை அமுங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கும். பெண் கான்ஸ்டபிள்கள் பாடு இன்னும் மோசம். கழிப்பறைக்குப் போக இடமில்லாத சந்திப்பில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் மத்தியானத்திலிருந்தே தண்ணீரைத் தொட மாட்டார்கள். இதை எந்த உடற்தகுதித் தேர்வில் எழுதுவது?

சாப்பாடும் அப்படித்தான். வழியில் பந்தல் போட்டவர்கள் பக்தியோடு கையில் திணிக்கிற சர்க்கரைத் தேநீரையும் பூரியையும் வேண்டாமென்று சொல்ல வாய் வராது. மற்ற இரவுகளில் ஆறிப்போன தால் பூரி, காத்தோ பிமா என்கிற மிளகாய் வடை, ஒரு பாட்டில் குளிர்பானம். விடிந்து வீட்டுக்குப் போய் அரைத் தூக்கம். இந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இரவு முறைக்காரன் உடம்பு அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விடுகிறது.

கார்ப்பரல் அண்ணன் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருப்பார். அந்தப் பத்து நாளும் சர்க்கரை அளவு இறங்கும். "பார்த்தியா தம்பி, முருகன் வேலை!" என்பார். "முருகனும்தான் அண்ணே, குளிர்பானம் நிறுத்தினதும்தான்" என்பேன். காவடி இறக்கியதும் வாழை இலையில் ஏழு கறி. அடுத்த வாரம் பழைய பாட்டில்.

மனிதனைத் திருத்த முடியாது, விடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1987-ல் எடுத்த நாடளாவிய உடல்நல ஆய்வுக்குப் பிறகு அரசாங்கம் ரேஷன் எண்ணெயில் பனை எண்ணெய்க்குப் பதில் சோயா எண்ணெய் வரும்படி செய்தது. 1992-ல் மறுபடி சோதித்தபோது மக்கள் ரத்தத்தில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. யாருக்கும் புத்தி சொல்லி வந்த மாற்றமில்லை. கடையில் கிடைத்த எண்ணெய் மாறியது, அவ்வளவுதான். எங்களுக்கோ வருஷா வருஷம் 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று சுற்றறிக்கை வரும், பணிப்பட்டியல் மட்டும் மாறாது.

ஒரே ஒரு இன்ஸ்பெக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு திருவிழாவுக்கு, நிற்கிறவர்களையும் ரோந்து நடக்கிறவர்களையும் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மாற்றிவிட்டார். நொண்டிக்கொண்டு வீடு போகிறவர்களை அன்று நான் பார்க்கவில்லை. ஆள் கூடுதலாகக் கேட்கவில்லை, பணமும் செலவாகவில்லை. மாற்றுகிற நேரத்தில் பதிவேட்டில் எழுதுகிற வேலைதான் கொஞ்சம் கூடியது. அவர் மாற்றலாகிப் போனதும் அந்த எழுத்து வேலையைக் காரணம் காட்டித்தான் பழைய முறைக்குத் திரும்பினார்கள்.