நீல நோட்டு

2013 மார்ச் 28, வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து ஈஸ்டர் விடுமுறை. லண்டனில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகத்துக்கு அதுதான் கடைசி வேலை நாள். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் பணத்தை வட்டார அளவில் கையாண்டவை பிரைமரி கேர் ட்ரஸ்ட்கள். எங்களுடையதும் சேர்த்து இங்கிலாந்தில் இருந்த 151 ட்ரஸ்ட்களும் அந்த மாதத்தோடு கலைந்தன. ஏப்ரல் 1 முதல் ஜிபி என்ற குடும்ப டாக்டர்கள் தலைமையில் 211 புதுக் குழுக்கள். 'மேலிருந்து திணிக்கும் மாற்றம் இனி கிடையாது' என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்த பிரதமர் கேமரூன் ஆட்சியில்தான் இது நடந்தது. என்.எச்.எஸ். தலைமை அதிகாரி டேவிட் நிக்கல்சனே, விண்வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவுக்குப் பெரிய மாற்றம் என்றார்.

எனக்கு எதிர் மேசையில் ஒரு அம்மா இருந்தார். 22 வருட சர்வீஸ். முதியோர் இல்லங்களுக்குப் பணம் போகும் கணக்கு அவர் கையில். எந்த இல்லத்தின் பில் எப்போதும் தாமதமாக வரும், எந்த நோயாளியின் மகளை மாலை ஆறுக்கு மேல்தான் கூப்பிட வேண்டும், எல்லாம் ஒரு நீல நோட்டில் இருக்கும். அன்று ரிடன்டன்சி, அதாவது ஆட்குறைப்புப் பணம், வாங்கிக்கொண்டு கிளம்பினார். நோட்டை யாரும் கேட்கவில்லை. நோயாளிகளின் பெயர் இருந்ததால் விதிப்படி ரகசியக் காகிதப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

மே மாதம் ஒரு பெண் போன் செய்தார். தன் அம்மா இருக்கும் இல்லத்துக்குப் பணம் நின்றுவிட்டதாம். கோப்பு எந்தப் புது அலுவலகத்துக்குப் போனது என்று கண்டுபிடிக்கவே ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் இல்லத்துக்காரர்கள் அவரை நச்சரித்திருக்கிறார்கள். கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? அதே எதிர் மேசை அம்மாவை ஏஜென்சி மூலமாகத் தினக்கூலிக்குக் கூப்பிட்டோம். பழைய சம்பளத்தைவிட அதிகம்!

2013 மார்ச் வரைக்குமான மாற்றச் செலவு 110 கோடி பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொன்னது. சுமார் 10,000 பேருக்கு ஆட்குறைப்பு. மிச்சமே இல்லை என்று சொல்ல மாட்டேன், நிர்வாகச் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து வாரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? கணக்குப் பார்க்கிறவன் கேட்கிறேன்.

அப்புறம் 2022 ஜூலையில் அந்தக் குழுக்களும் போய், 42 வாரியங்கள் வந்தன. எனக்கு மூன்றாவது அடையாள அட்டை. வேலை அதேதான், போட்டோவில் முடிதான் குறைந்துகொண்டே வருகிறது. 2025 மார்ச்சில் என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற தலைமை அமைப்பையே மூடப்போவதாகப் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். வாரியங்களும் செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாம்.

விருப்ப விலகலுக்கான படிவம் என் மேசையிலும் இருக்கிறது. நிரப்பவில்லை. அதற்கு முன் நானும் ஒரு நோட்டு வாங்கி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுத ஆரம்பித்திருக்கிறேன், நோயாளிகளின் பெயர் இல்லாமல். யாரிடம் ஒப்படைப்பது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அவரும் படிவம் வாங்கிவிட்டாராம்.