வலது தொடை இரண்டு சென்டிமீட்டர் குறைவு

தை மாதக் கடைசியில், நாகமலை அடிவாரத்தை ஒட்டிக் கீழக்குயில்குடிப் பக்கம் போகும் மண்பாதையில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். இறக்கத்தில் சரளை வாரிவிட்டது. கையை ஊன்றுவதற்குள் வலது முட்டி ஒரு பாறை விளிம்பில் போய் இறங்கியது. ஐந்து தையல். காயத்துக்குள் புகுந்திருந்த கல் துணுக்குகளைச் செவிலியர் ஒவ்வொன்றாக எடுத்து எஃகுக் கிண்ணத்தில் போட்டார். 'டங்' என்ற அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். பதினொன்று. முட்டிச் சில்லு உடையவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது.

அன்று என்னிடம் முட்டிக் கவசம் இருந்தது. முதுகுப் பைக்குள் இருந்தது.

அறுநூறு ரூபாய்க்கு நகரத்துக்குள் ஒரு கடையில் வாங்கியது அது. ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள் அணியும் கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம், பின்னால் இரண்டு பட்டை. நின்றால் கச்சிதமாக இருக்கும். நூறு தடவை மிதித்தால் கணுக்காலுக்கு வந்துவிடும். இழுத்து இழுத்து அலுத்துப்போய், நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். அதனால், இந்த முறை தேடும்போது ஒரு கேள்வியைத்தான் முதலில் வைத்துக்கொண்டேன்: இது காலிலேயே நிற்குமா? எவ்வளவு தடிமன், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எனவே, இந்தக் கவசங்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலானவற்றில் இ.என். 1621-1 என்று அச்சிட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக ஐரோப்பாவில் உருவான தரம் இது. கவசத்தின் மேல் 50 ஜூல் ஆற்றலுடன் ஓர் எடையை விழ வைப்பார்கள். ஐந்து கிலோ எடையை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். மறுபக்கம் போய்ச் சேரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை. 20-க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. அடியை அது ஒழித்துவிடுவதில்லை. அடி விழும் நேரத்தை நீட்டி, விசையின் உச்சத்தைக் குறைக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கணத்தாக்கு என்று நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான்.

மதுரைக்காரர்கள் அந்த முத்திரையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'T' என்ற ஆங்கில எழுத்தும் அருகில் கூட்டல் குறியும் இருந்தால், 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியது என்று பொருள். இந்தச் சோதனை கட்டாயமில்லை என்பதால் எல்லாக் கவசத்திலும் இருக்காது. இப்போது வரும் மென்மையான கவசங்களில் டி3ஓ போன்ற ஒருவகை நுரைதான் உள்ளே இருக்கிறது: மெல்ல அசைத்தால் குழையும், சட்டென்று அடித்தால் இறுகும். சோள மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வகுப்பில் காட்டியிருக்கிறேன். விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். குத்தினால் கை நின்றுவிடும். இவ்வகை நுரைகள் பல, சூடேறினால் இளகிவிடும். சித்திரை வெயிலில் பெட்ரோல் டேங்க் மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

முதல் நிலையா இரண்டாம் நிலையா என்று ஒரு வாரம் யோசித்தேன். இரண்டாம் நிலை நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால், நான் பார்த்தவை தடித்திருந்தன, வேர்த்துக் கொட்டும். நம் பக்கத்துப் பாதைகளில் ஏற்றமும் மிதியும்தான் அதிகம், பறந்து குதிக்கும் இடங்கள் குறைவு. முதல் நிலையில், காலுறை போல மாட்டிக்கொள்ளும், முட்டிக்குப் பின்னால் வலைத்துணி வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். செங்குத்தான பாறைகளில் வேகமாக இறங்குபவர்கள், கல்லில் சிக்காமல் சறுக்கிப்போகும் கெட்டி ஓடு வைத்ததைத்தான் எடுக்க வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் முட்டி உறையைப் போட்டுக்கொண்டால் போதாதா என்று அத்தை கேட்டார். போதாது. அது இறுக்கிப் பிடிக்கும், அடியைத் தாங்காது. அதேபோல், நான் வாங்கிய கவசமும் முட்டி முறுக்கிக்கொள்வதைத் தடுக்காது. தசைநார் கிழிந்தவர்களுக்குக் கீல் வைத்த தாங்கி வேறு இருக்கிறது. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அளவெடுக்கும்போதுதான் எனக்கு விஷயமே பிடிபட்டது. நான் வாங்கிய நிறுவனம் சில்லின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடைச் சுற்றளவைக் கேட்டிருந்தது. இந்த இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இடது தொடை 46. வலது 44. டேப்பை மறுபடி சுற்றினேன், அதே 44. பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். "ஆறு வாரம் ஓய்வு கொடுத்தால் தொடைத் தசை இளைக்கத்தானே செய்யும், டீச்சர்? பயிற்சி செய்தால் திரும்பி வந்துவிடும்" என்றார். அடிபட்ட பிறகு வாங்குபவர்கள் இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இடது காலுக்கு ஏற்ற அளவையே வாங்கினேன். வந்தவுடன் வீட்டுக்குள்ளேயே சோதித்தேன். மாடிப்படி பத்து முறை ஏறி இறங்கினேன். அடுக்களைத் தரையில் முட்டி போட்டு நகர்ந்தேன். நிற்கும்போது சரியாக இருப்பது முட்டி மடங்கியதும் எங்கே போகிறது என்பது அப்போதுதான் தெரியும். தழும்பின் மேல் கவசத்தின் தையல் விளிம்பு உரசுகிறதா என்றும் பார்த்தேன். நல்லவேளை, இரண்டு விரல் தள்ளி இருந்தது. இடது கால் அசையவில்லை. வலது கால் மட்டும், எதிர்பார்த்தபடியே, நழுவியது.

அதை எடுத்துக்கொண்டு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் இருந்த தையற்கடைகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. சாமிக்குப் பட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், என் கவசத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல் வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்து விட்டார். "இழுபடுகிற துணியில் நேர்த்தையல் போட்டால் நூல் அறுந்துவிடும், அம்மா" என்று சொல்லி, வளைந்து வளைந்து போகும் தையலில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக இரண்டு வரிசை பிடித்துக் கொடுத்தார். துணியை வெட்டவில்லை. "கால் தேறத் தேற ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துவிடுங்கள்" என்றார். நாற்பது ரூபாய்தான் வாங்கினார்.

அதற்குப் பிறகு சிறுமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறினேன். ஒரு முறைகூடக் குனிந்து இழுத்துவிடவில்லை. சமணர் மலைப் பக்கம் போகும்போது தாமரைக் குளத்தருகே சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்துதான் ஏறுகிறேன். பழைய சமணச் சிற்பங்கள் இருக்கும் அந்தப் பாறைகளில் சக்கரம் படக் கூடாது. திரும்பியதும் உள்ளே இருக்கும் நுரையை உருவிவிட்டு உறையைக் கையால் அலசி நிழலில் காயப் போடுகிறேன். கவசத்தை நழுவாமல் பிடிக்கும் சிலிக்கோன் பட்டையில் வேர்வை காய்ந்தால் தொடையில் வேர்க்குரு வருகிறது, பிடிப்பும் போய்விடுகிறது.

போன வாரம் அளந்தேன். வலது தொடை 45. சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வாசல்படியில் உட்கார்ந்து, பெரியவர் போட்ட தையலில் ஒரு வரிசையைப் பிரித்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது.