பிராக்டிகல் தேர்வில் குரூஸ் கண்ட்ரோல் பழுது வந்தால்

ஆட்டோ எலெக்ட்ரிகல் படிக்கிறவர்கள் ஏபிஎஸ்ஸுக்கும் ஏர்பேக்குக்கும் பயந்து பயந்து படிப்பார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலேயே காரை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் குரூஸ் கண்ட்ரோலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். எனக்குப் பிராக்டிகலில் விழுந்தது அதுதான். நான் எப்படித் தயாரானேன், தேர்வில் எதைப் பார்த்து எதை விட்டேன் என்பதைச் சொல்கிறேன். அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் திராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கேபிள் இல்லாமல் மோட்டாரால் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள கார்களில் குரூஸுக்கென்று தனியாகப் பெரிய கருவி எதுவும் கிடையாது. பழைய வண்டிகளில் திராட்டிலை இழுக்க இருந்த வேக்குவம் சர்வோ, கேபிள் எல்லாம் போய், எஞ்சின் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலைகளில் ஒன்றாக அது மாறிவிட்டது. வேகம் போதுமா (பல கார்களில் மணிக்கு 40 கி.மீ. சுமாருக்கு மேல் இருக்க வேண்டும்), பிரேக்கில் கால் இல்லையா, கிளட்ச் மிதிபடவில்லையா, ஸ்டீயரிங் பட்டனின் சிக்னல் புரிகிறதா என்று கம்ப்யூட்டர் வரிசையாகக் கேட்கும். ஒன்றுக்குச் சாதகமான பதில் வராவிட்டாலும் செட் ஆகாது, அதாவது குரூஸ் வேகத்தைப் பிடித்துக்கொள்ளாது. அதனால் 'குரூஸ் ஏன் ஓடவில்லை' என்று தேடாமல், 'எந்தச் சம்மதம் வரவில்லை' என்று தேட வேண்டும். பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

தயாரிப்பு என்று நான் செய்தது ஒன்றுதான். வயரிங் டயகிராமைப் பார்க்காமல் வரைந்து, ஒவ்வொரு வயருக்கும் பக்கத்தில் பெடல் சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட், மிதித்தால் எத்தனை வோல்ட் என்று எழுதிப் பழகினேன். வர வேண்டிய அளவு தெரியாமல் மல்டிமீட்டரைக் கையில் எடுத்து என்ன பயன்?

தேர்வில் கொடுத்த ஜாப் கார்டில் இருந்தது இவ்வளவுதான்: 'மெயின் பட்டனை அழுத்தினால் மீட்டரில் விளக்கு எரிகிறது, செட் ஆகவில்லை.' இந்த ஒரு வரியிலேயே நிறைய விஷயம் இருக்கிறது. விளக்கு எரிகிறது என்றால் பட்டனின் சிக்னல் கம்ப்யூட்டர் வரை போகிறது. பல கார்களில் மெயின் பட்டனும் செட் பட்டனும் ஒரே வயரில்தான் வரும். ஆக, ஸ்டீயரிங் பக்கத்தின் மேல் சந்தேகம் குறைந்தது. அதைப் பிரிக்க அவசரமில்லை.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0504 என்ற பழுதுக் குறியீடு (கோட்) வந்தது. பிரேக் சுவிட்சிலிருந்து வரும் இரண்டு சிக்னல்களும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் பலர் சுவிட்சை மாற்றக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் குறியீடு சொல்வது சர்க்யூட்டை, பாகத்தை அல்ல. ஸ்கேனரில் சிக்னல்களை அப்போதைக்கப்போது காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். ஸ்டாப் லைட் சிக்னல் ஒழுங்காக மாறியது. குரூஸுக்கான இன்னொரு சிக்னல், காலை எடுத்தாலும் 'மிதிபட்டிருக்கிறது' என்றே நின்றது.

ஸ்டாப் லைட் எரிகிறதே, சுவிட்ச் நல்லதுதானே என்று கேட்பார்கள். உள்ளே இரண்டு கான்டாக்ட் உண்டு. ஸ்டாப் லைட்டுக்கானது மிதித்தால் மூடும். குரூஸுக்கானது சும்மா இருக்கும்போது மூடியிருந்து, மிதித்தால் திறக்கும். ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்தேன். சுவிட்சிலிருந்து வெளியே போகும் வயரில் 12 வோல்ட், மிதித்தால் பூஜ்யம். சுவிட்ச் சரி. அதே வயர் கம்ப்யூட்டரில் போய்ச் சேரும் இடத்தில் எப்போதும் பூஜ்யம். அப்புறம் என்ன, நடுவில் இருந்த கனெக்டரைத் திறந்தால் ஒரு டெர்மினல் மட்டும் தன் குழியிலிருந்து பின்வாங்கி உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கனெக்டர் கச்சிதமாகப் பூட்டியிருப்பது போலத்தான் தெரியும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்ட கேள்வி: குரூஸ் கான்டாக்டை ஏன் மூடியே வைத்திருக்கிறார்கள்? வயர் அறுந்தாலும் பியூஸ் போனாலும் கம்ப்யூட்டருக்கு அது பிரேக் மிதித்தது போலத் தெரியும்; குரூஸ் தானாக விலகிவிடும். பழுதானாலும் ஆபத்தில்லாத பக்கமாகவே சாய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்திருந்தால் மற்ற கேள்விகளுக்கும் பதில் தானாக வரும்.

உங்களுக்கு ஸ்டீயரிங் பட்டன் பழுது வந்தால் கதையே வேறு. அங்கே ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸ். எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்பதைக் கம்ப்யூட்டர் வோல்டேஜை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. கனெக்டரில் பச்சை பூத்துக் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் கூடினாலும் ஒரு பட்டனை அழுத்தினால் வேறொரு பட்டன் போலத் தெரியலாம். கிளாக் ஸ்பிரிங்கில் (திரும்பும் ஸ்டீயரிங்குக்கு மின் இணைப்பு தரும் சுருள் வயர்) சந்தேகம் என்றால் ஓம் மீட்டரைப் பார்த்தபடியே ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள்; எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே உள்ளே அறுபட்டிருக்கிறது. ஹாரனும் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் அநேகமாக அதுதான். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிரிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்தக் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஏர்பேக் வயர்களில் டெஸ்ட் லாம்ப்போ ஓம் மீட்டரோ வைக்கவே கூடாது. இதில் தவறினால் மதிப்பெண்ணோடு மட்டும் போகாது.

இன்னொரு வேடிக்கையான பழுதும் உண்டு. சில பழைய கார்களில் குரூஸ் மாட்யூல், ஸ்டாப் லைட் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கும். பல்புகள் எல்லாம் போயிருந்தாலோ, யாராவது ஆசைப்பட்டு எல்ஈடி மாட்டியிருந்தாலோ செட் ஆகாது. சுவிட்சும் வயரும் நன்றாக இருக்க, குரூஸ் மட்டும் அடம்பிடிக்கும்.

பழுதைச் சரிசெய்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்து, பெடலை மிதித்து, லைவ் டேட்டாவில் இரண்டு சிக்னலும் மாறுவதைத் தேர்வாளருக்குக் காட்டுங்கள். ஜாப் கார்டில் 'வயர் சரிசெய்யப்பட்டது' என்று மொட்டையாக எழுதாமல் எந்த கனெக்டர், எந்த டெர்மினல், முன்பு எத்தனை வோல்ட், இப்போது எத்தனை வோல்ட் என்று எழுதிக் கொடுங்கள்.