இரட்டை புரொப்பல்லர் இழுவைப் படகு: ஈஎஸ்சி ஒன்றா, இரண்டா?

90 செ.மீ. நீள இழுவைப் படகு மாடல். 12 வோல்ட் 555 பிரஷ் மோட்டார் இரண்டு, 40 மி.மீ. பித்தளை புரொப்பல்லர் இரண்டு, 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. பேட்டரியின் கனத்திலேயே படகு சரியான அளவு அமிழ்கிறது.

ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் கருவி) வாங்கும் முன் கரண்டை அளந்தாக வேண்டும். வெறுமனே சுற்றும்போது ஒரு மோட்டார் 0.6 ஆம்ப்தான் இழுத்தது. தொட்டியில் இறக்கி, நகராமல் கயிற்றால் கட்டி, முழு வேகம் கொடுத்ததும் 3.8 ஆம்ப். தண்டைப் பிடித்து ஒரு நொடி நிறுத்தியபோது 16! பாசி சுற்றிக்கொண்டால் குளத்தில் நடப்பதும் இதுதான். ஈஎஸ்சியின் அளவை இந்தக் கடைசி எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள். அளக்க டிசி கிளாம்ப் மீட்டர் தேவை. விலை குறைந்தவற்றில் பல ஏசி மட்டுமே காட்டும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்ப் ஃபியூஸ் இதற்குத் தாங்காது.

இரண்டு மோட்டாரையும் ஒரே ஈஎஸ்சியில் இணைத்தால் 32 ஆம்ப் வரை போகும். 40 ஆம்ப் ஈஎஸ்சி ஒன்று போதும், வயரிங்கும் சுலபம். ஆனால் இழுவைப் படகின் அழகே நின்ற இடத்தில் திரும்புவதுதான். ஒரு பக்கம் முன்னோக்கி, மறுபக்கம் ரிவர்ஸ் சுற்ற வேண்டும். அதனால் 20 ஆம்ப் ஈஎஸ்சி இரண்டு.

விமான ஈஎஸ்சிகளில் பொதுவாக ரிவர்ஸ் இருக்காது. கார் ஈஎஸ்சியில் உண்டு. ஆனால் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தால் முதலில் பிரேக், இரண்டாம் முறைதான் ரிவர்ஸ். கரையை நெருங்கும்போது அந்த ஒரு நொடியில் முகப்பு இடித்துவிடும். பிரேக்கை அணைத்து நேரடி ரிவர்ஸ் வைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி வோல்டேஜ் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் அமைப்பையும் கவனியுங்கள்: பேட்டரியை 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) என்று எடுத்துக்கொள்ளும் ஈஎஸ்சி 9 வோல்ட் வரை ஓடவிடும். லெட் ஆசிட் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். தனியாக ஒரு வோல்டேஜ் அலாரம் வைத்தோம்.

இரண்டு ஈஎஸ்சியிலும் பிஇசி உண்டு; மோட்டார் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கு 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கும் பகுதி அது. இரண்டும் ஒரே ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுத்தால் ஒன்றோடொன்று மோதும். ஒன்றின் பிளக்கில் நடுப் பின்னின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் மெல்லத் தூக்கினால் சிவப்பு ஒயர் வழுக்கி வெளியே வரும். அதை வெட்டாமல் ஹீட் ஷ்ரிங்க் மாட்டி மடித்துவிடுங்கள், பின்னால் தேவைப்படலாம். கறுப்பு ஒயரைத் தொடவே கூடாது; அது இல்லாவிட்டால் சிக்னலுக்கு ஆதாரமில்லை. லீனியர் பிஇசி என்றால் 12-ஐ 5 ஆக்கும்போது ஒரு ஆம்ப்புக்கு 7 வாட் சூடாகவே போகும். மூடிய படகுக்குள் அது அதிகம். ஸ்விட்ச்சிங் பிஇசி நல்லது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் 7.5 ஆம்ப் பிளேடு ஃபியூஸ். சாதாரண ஓட்டத்தில் போகாது, தண்டு சிக்கினால் சில நொடிகளில் போய்விடும். 20 ஆம்ப் ஃபியூஸ் போட்டால் மோட்டார்தான் முதலில் கருகும்.

முதல் ஓட்டத்தில் இடது மோட்டார் முந்திக் கிளம்பி படகு வலப்பக்கம் இழுத்தது. இரண்டு ஈஎஸ்சியையும் ஒரே சேனலில் தனித்தனியாகச் செருகி, நடு, முழு முன், முழு பின் மூன்றையும் மறுபடி கேலிப்ரேட் செய்ததும் சரியானது. ரிமோட்டில் எலெவான் மிக்சிங்கை (வேகத்தையும் திருப்பத்தையும் கலந்து இரண்டு மோட்டாருக்கும் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) அதற்குப் பிறகே போட வேண்டும்.