புள்ளிக் கணக்கு

எங்கள் ஊர்ப்பக்கம் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றில் அது பதிவாகியிருக்கும். நாங்கள் மாத்தூர் கோயில். சனிக்கிழமை மதியம் நான் போனும் கையுமாக உட்கார்ந்து "புள்ளி, புள்ளி" என்று முனகினால் அப்பத்தா புள்ளிக்கு இவ்வளவு என்று கட்டும் கோயில் வரி பற்றித்தான் கேட்பார்.

நான் முனகுவது பிரீமியர் லீக் ஃபேன்டசிக்காக. இங்கிலாந்துக் கால்பந்து லீக்கை வைத்துப் போனில் ஆடும் ஆட்டம் அது; நாம் எடுத்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. 100 மில்லியன் பவுண்டுக்குள் 15 பேரை எடுக்க வேண்டும். ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது. வம்பே அங்கேதான். எவ்வளவு பெரிய ஆர்சனல் வெறியனும் மிச்சம் 12 பேரை வெளியே பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

ஆர்சனல் என்னைப் பிடித்தது 2003-04இல். 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, ஒரு தோல்விகூடக் கிடையாது. பள்ளிக்கூடப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆர்சனலோடு மோதுகிறவனைக் கேப்டனாகப் போடக் கூடாது என்று ஒரு விரதம் வைத்திருந்தேன். 2024 செப்டம்பரில் முறிந்தது. மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் அதுவரை 4 ஆட்டத்தில் 9 கோல் அடித்திருந்தான். கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு. பள்ளி நண்பர்கள் 8 பேரின் லீக்கில் எல்லாரும் அவனைத்தான் போடுவார்கள் என்று தெரியும். நானும் போட்டேன்.

ஞாயிறு இரவு 9 மணி ஆட்டம். ஒன்பதாவது நிமிடம் ஹாலண்ட் அடித்தான். என் கை தானாக உயர்ந்தது. பட்டாலையில் படுத்திருந்த அப்பத்தா, "நம்மாளு அடிச்சிட்டானா?" என்றார். கோலுக்கு 4, இரட்டித்தால் 8. என்ன பதில் சொல்வது? "ஆமா அப்பத்தா" என்றேன். சொன்ன வாய் கசந்தது.

பிறகு ஆர்சனலுக்குக் கலாஃபியோரி, கேப்ரியல் என்று இரண்டு கோல். 2-1. எங்கள் ட்ரோசார்டுக்குச் சிவப்பு அட்டை. இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேராகத் தடுத்து நின்றவர்கள் மீது 98ஆவது நிமிடத்தில் சிட்டியின் ஸ்டோன்ஸ் அடித்தான், 2-2. அவன் என் அணியில்கூட இல்லை. ஆனாலும் அது நான் செய்த பாவம் என்றே பட்டது. (அப்பத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். "நானே கல்யாணமாகி இளையாத்தங்குடியிலிருந்து கோயில் மாறி வந்தவதான், போய்ப் படு" என்றார்.)

2025 பிப்ரவரி 2, மறுபடியும் சிட்டி. இந்த முறை ஹாலண்டைப் புள்ளி சேராத பெஞ்சில் உட்கார வைத்தேன். கிட்டத்தட்ட 15 மில்லியன் சரக்கு! 55ஆவது நிமிடம் அவன் அடித்தான், 1-1. வாட்ஸப்பில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. அவை நிற்பதற்குள், அடுத்த நிமிடமே நாங்கள் 2-1. முடிவில் 5-1.

லீக்கில் அந்த மாதம் நான்தான் கடைசி. தோற்றவன் எல்லாருக்கும் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வாங்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவனின் பங்கை மட்டும் அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.