பிள்ளை எங்கே படுக்கும்? வயிற்றில் இருக்கும்போதே முடிவெடுங்கள்

கர்ப்பத்தில் எட்டாம் மாதம் தொடங்கியதும் காப்பு, பஞ்சாயுதம், முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் பேசி முடித்துவிடுவோம். பிள்ளை இரவில் படுக்கும் இடத்தை மட்டும் ஆஸ்பத்திரியால் வந்து பார்ப்போம் என்று விடுகிறோம். பிறகு இரவு மூன்று மணி அசதியில், எது கிட்ட இருக்கிறதோ அதுவே படுக்கையாகிவிடும். நித்திரையில் காரணம் தெரியாமல் நடக்கும் குழந்தை மரணங்கள் கூடுதலாக வருவது இரண்டு மாதத்துக்கும் நான்கு மாதத்துக்கும் இடையில். தாய்வீட்டில் நிற்கும் காலமும் பெரும்பாலும் அதுதான். ஆகவே அம்மாவையும் கணவரையும் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

பகலோ இரவோ, ஒரு வயது வரை நிமிர்த்தி, முதுகு கீழே இருக்கும்படிதான் படுக்க வைக்க வேண்டும். "பால் கக்கினால் புரைக்கேறுமே" என்று அம்மம்மா பயப்படுவார். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: நிமிர்ந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பிள்ளை இலேசாகக் குப்புறப் புரளும். தலை சப்பையாகாமல் இருக்க, விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு மூன்று நிமிடம் குப்புற விடுங்கள். அதை ஒரு நாளைக்குப் பல தடவை செய்யலாம்.

ஏணையைப் பற்றித்தான் வீட்டில் வாக்குவாதம் வரும். சேலை ஏணை வளைந்து தொங்கும். அதற்குள் பிள்ளையும் வளைந்து, நாடி நெஞ்சில் முட்டும். கழுத்துப் பலம் இல்லாத பிள்ளைக்கு அதுவே மூச்சுவழியை ஒடுக்கப் போதும். துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்வதால் முகம் வெளியே தெரியாது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கவும் நேரும். அழுகையை ஆற்ற ஆட்டுவதென்றால் முகம் தெரியும்படி குறுக்குத்தடி வைத்து, தாழ்வாகக் கட்டி, ஆள் பக்கத்தில் நின்று ஆட்டுங்கள். நித்திரையானதும் தூக்கிப் படுக்கையில் கிடத்துங்கள். இரவு முழுக்க ஏணையில் விடுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. வெறும் ஏணையைக் கழற்றி வையுங்கள். மூத்த பிள்ளை அதில் சுற்றி விளையாடினால் சேலை முறுகிக் கழுத்தை இறுக்கும்.

படுக்கைக்குப் பெரிய செலவு வேண்டாம். உள்ளங்கையால் மெத்தையை அழுத்தி எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அது கூடாது. பஞ்சு மெத்தை பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். தரையில் பன்பாய் விரித்து அதன்மேல் ஒரு துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினால், அதுவே தட்டையான, உறுதியான படுக்கை. தொட்டில் கட்டில் என்றால் கம்பி இடைவெளி ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போனால் மெத்தை சின்னது. தலையணை, அணை, பொம்மை ஒன்றும் உள்ளே வேண்டாம்.

நுளம்பு வலையைத் தொய்யாமல் இழுத்துக் கட்டி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். நுளம்புச் சுருளும் சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்குள் வேண்டாம், சிகரெட் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். வீட்டுக்குள் தொப்பி தேவையில்லை. சூடு பார்க்கப் பிடரியைத் தொடுங்கள். கைகால் குளிர்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிடரி வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

பிள்ளை உங்கள் அறையில், கை எட்டும் தூரத்தில், தன் படுக்கையில் படுக்கட்டும். குறைந்தது ஆறு மாதம். சிசேரியன் என்றால் முதல் கிழமைகளில் எழும்புவது கஷ்டம். தூக்கித் தந்து திரும்பக் கிடத்துவது யார் என்று முன்னமே பேசி வையுங்கள். நித்திரை தூங்கிவிடுவீர்கள் என்று தோன்றினால் செற்றியில் இருந்து பால் கொடுக்காதீர்கள். செற்றி இடுக்கில் முகம் புதைவது கட்டிலைவிட மிக ஆபத்து. தலையணைகளை அகற்றிய கட்டிலில் இருந்து கொடுங்கள்; கண் அயர்ந்துவிட்டால், முழித்தவுடனே பிள்ளையை அதன் இடத்துக்கு மாற்றுங்கள். மாதம் குறைந்து பிறந்த பிள்ளையையும் நிறை குறைந்த பிள்ளையையும் பக்கத்தில் போட்டுத் தூங்கவே கூடாது. நித்திரை வரச்செய்யும் மருந்து எடுப்பவரும் குடித்தவரும் எந்தப் பிள்ளையோடும் படுக்கக்கூடாது.

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் முன்விறாந்தையில் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடாமல், அறைக்குள் கூட்டிப்போய்ப் பிள்ளை படுக்கும் இடத்தைக் காட்டுங்கள்.